கபூர் மச்சானின் தோள்

நான் முன்கூட்டியே சொன்னேன். கற்பிட்டிச் சந்தையில் மீன் வாங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாலாவிச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கபூர் மச்சான் வெள்ளிக்கிழமைதான் மௌத்தாவார்" என்று மூன்று வருடங்களாகச் சொல்லி வந்தவன் நான். வெள்ளி மரணம் நல்லவர்களுக்குக் கிடைப்பது. அவரைவிட நல்லவர் எங்கள் கரையில் இருந்தால் அல்லவா வேறு கிழமையைப் பற்றி யோசிக்க வேண்டும்? அவர் போனது வியாழக்கிழமை என்று என்னோடு வாதாட வந்தவர்களுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். பொழுது சாயும் மஃரிபு பாங்கு முடிந்த பிறகுதான் அவருடைய மூச்சு நின்றது. மஃரிபோடு எங்கள் கணக்கில் வெள்ளி பிறந்துவிடுகிறது.

அந்த நேரம் நான் பாலாவிச் சந்தியில் நின்றேன். அவருடைய மகள், என் தங்கச்சி பெற்ற மருமகள் ரிஸ்னா, போனில் கூப்பிட்டாள்.

"மாமா, எங்க நிக்கிறீங்க?"

"பாலாவியில. ஏன் மகள்?"

"வாப்பா..." என்றாள். நான் போனைப் பைக்குள் போட்டேன்.

கற்பிட்டி பஸ் வந்தது. இருக்கைகள் காலியாக இருந்தன. முப்பது வருடம் கண்டக்டராக நின்றே போய் வந்த பாதை அது. அன்றைக்கும் நின்றுகொண்டே போனேன்.

மறுநாள் காலை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், அப்துல் கபூர் வபாத்தானார், ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை என்று. அவர் வீட்டு வாசலில், வருகிறவர்கள் உட்காரக் கதிரை போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "எந்தக் கபூர்?" என்று கேட்டார். இன்னொருவர், "நம்மட நடுங்கிக் கபூர்தான்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தப் பேர் சொன்னால்தான் ஆளைத் தெரியும் என்றாகிவிட்டது. ஆனால் ரிஸ்னா ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன்.

அவருடைய ஜனாஸாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது முன்பக்கம் வலது தோள் என்னுடையது. பாதி வழியில் பின்னால் வந்தவர், "நூர்தீன் நாநா, ஒங்கட தோள் நடுங்குது. விடுங்க, நான் பிடிக்கிறன்" என்றார். மணல் பாதை, மேடு பள்ளம். நான் விடவில்லை. மையவாடியில் அடக்கும் இடம் வரை நானே பிடித்தேன்.

மூன்றாம் நாள் ரிஸ்னா ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவந்து வைத்தாள். "நாப்பதாம் நாள் கத்தத்தில, ஓதி முடிஞ்சதும் வாசிக்கிறதுக்கு வாப்பாவப் பத்தி நீங்கதான் எழுதணும். வாப்பா நடிச்ச படக் கதையையும் எழுதுங்க. எழுதாட்டி ஆக்கள் கேப்பாங்க. ஆனா மாமா, வாப்பா பயந்த ஆள் இல்ல. அந்தப் பேரோட அவரக் கபுறுக்கு அனுப்பினது எனக்குப் பொறுக்குதில்ல."

ஏழாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. ஆனாலும் இந்த மாவட்டத்தில் கதை சொல்ல என்னை விட்டால் ஆளில்லை என்பதை எதிரியும் ஒத்துக்கொள்வான். ஆகவே எழுதுகிறேன்.

கபூர் மச்சான், முஸ்லிம்களை மன்னாரிலிருந்து விரட்டிய தொண்ணூறாம் ஆண்டு, வள்ளத்தில் வந்து இறங்கியவர். கையில் ஒரு துணிப்பை. எங்கள் கரைக்கு வந்த இரண்டாம் நாள், கரைவலை இழுத்துக்கொண்டிருந்த கயிற்றில் யாரையும் கேட்காமல் கை வைத்தார். எங்கள் கரையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும், வலை கரையேறியதும் கறிக்கு மீன் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சும்மா விடவில்லை.

"ஒன்ன யாரு கூப்பிட்ட?"

"கயிறுதான் கூப்பிட்டிச்சு, நாநா."

ஏழு சாளை மீன் கிடைத்தது. அதை வைத்து அகதி முகாமில் மூன்று குடும்பத்துக்குக் கறி வைத்தார்கள் என்று அவர் சொல்வார். நான் சொல்லும்போது ஐந்து குடும்பம். பத்து வருடத்தில் அந்த வலையை இறக்குவதும் ஏற்றுவதும் அவர் சொல்லுக்குத்தான் என்றானது. என் தங்கச்சியை அவருக்குக் கட்டிக் கொடுத்ததும் நான்தான். வீட்டில் எல்லோரும் "வந்தான் வரத்தானுக்கா?" என்றார்கள். "பொறுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு இவர உலகம் பாக்கும்" என்றேன். நடந்ததா இல்லையா?

அவர் அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் மறக்க முடியாது. "மீன் வந்தா வலை நல்ல வலை. வராட்டிக் கடல் கூடாத கடல். இழுத்தவன ஒருத்தரும் கேக்கிறதில்ல" என்பார். இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். குறையாகச் சொன்னதே இல்லை.

இனி அந்தப் படம்.

கொழும்பிலிருந்து பெரிய டைரக்டர் ஒருவர் வந்தார். பெயரைச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் "சேர்" என்றே கூப்பிட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பெரிய நடிகைகளுக்கும் மயக்கம் வருமாம். சரியில்லாத ஆளைத் திட்டமாட்டாராம், பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். தலவிலப் பக்கம் தங்கியிருந்துகொண்டு கரை கரையாக ஆள் தேடினார். எங்கள் கரையில் கபூர் மச்சானைக் கண்டதும் தேடல் நின்றது. கபூர் மச்சானுக்குச் சிங்களம் வராது. எனக்கு அது பஸ்ஸில் படித்த பாஷை, தண்ணி மாதிரி வரும். அதனால் மொழிபெயர்க்க நான் போனேன். போன இடத்தில் சேர் என்னையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீயும் நடி" என்றார். என் முகவெட்டு அப்படி.

காட்சி இதுதான். வலையை நடத்துகிற ஒரு தகப்பன். மகன் வெளிநாட்டுக்குக் களவாக போட்டில் போனவன். வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் பின்னால் வந்து, தகப்பனின் தோளில் கை வைத்து, காதுக்குள் செய்தி சொல்கிறான்: மகன் போன போட் கவிழ்ந்துவிட்டது. தகப்பன் திரும்பக் கூடாது. அழக் கூடாது. கயிற்றை விடக் கூடாது. "இழுங்க" என்று ஒரு சொல் மட்டும் சொல்ல வேண்டும். தகப்பன் கபூர் மச்சான். செய்தி சொல்கிறவன் நான். நான் சொல்வது யாருக்கும் கேட்காது, ஆனால் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பது சேரின் கட்டளை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கரைவலையை நினைத்த நேரத்தில் நினைத்த தடவை இழுக்க முடியாது. காலையில் இறக்கிய வலை, கயிறு முழுவதும் கரைக்கு வந்ததும் ஏறிவிடும். கயிறு முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. மறுநாளிலிருந்து காற்று மாறும் என்று கபூர் மச்சானே சொல்லியிருந்தார். காற்று மாறினால் அந்தப் பருவத்துக்குக் கடலில் வலை இல்லை. சேர் அதைக் கேட்டுக்கொண்டு, "அப்ப இன்றைக்குத்தான். இல்லாட்டி வேற கரை, வேற ஆக்கள்" என்றார்.

கமரா ஓடியது. நான் சிங்கம் மாதிரி நடந்து போனேன். தோளில் கை வைத்தேன். சேர் கமராவுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் நடுங்கியது. கமராக்காரர் கண்டார், கயிறு பிடித்தவர்கள் கண்டார்கள், கரையில் நின்ற நாய்களும் கண்டன. தோளிலிருந்து கைக்கு, கையிலிருந்து கயிற்றுக்கு நடுக்கம் இறங்கியது. சேர் ஒரே ஒரு சிங்களச் சொல் சொன்னார்: "ஆயெத்." மறுபடியும் என்று அர்த்தம்.

அப்படிப் பதினேழு தடவை. ஏழு தடவைதான் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கயிறு பிடித்துக்கொண்டிருந்தவர்கள், எண்ணுவதற்கு விரல் ஏது? ஒவ்வொரு "ஆயெத்"துக்கும் கயிறு கரையில் குவிந்துகொண்டே போனது. வலையின் மிதப்புக் கட்டைகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. சேர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைக் கூப்பிட்டார்.

"அவருடைய தோள் ஏன் நடுங்குகிறது என்று கேள்."

நான் கேட்டேன். கபூர் மச்சான் கடலைப் பார்த்தபடி சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு எண்டு சொல்லு. கையப் பின்னால கட்டின ஆளுக்கு முன்னால எங்கட கை ஓடாது எண்டும் சொல்லு. கரைக்கு வந்த மனிசர் சும்மா பாத்துக்கிட்டு நிக்கிற வழக்கம் இங்க இல்ல. சேரையும் கயித்தில கை வைக்கச் சொல்லு."

நாடே நடுங்குகிற ஒருவரிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டும். வேறொருவன் என்றால் நாக்கு ஒட்டியிருக்கும். நான் சொன்னேன். "சேர், கம்பே அல்லன்ன." கயிற்றைப் பிடியுங்கள் சேர்.

சேர் கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டார். செருப்பைக் கழற்றினார். எங்களுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் போய்க் கயிற்றைப் பிடித்தார். கரைவலை இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னால் பின்னால் நடக்க வேண்டும். சேருக்கு அது வரவில்லை. மணலில் கால் புதைந்து, தொப்பி விழுந்து, மூச்சு வாங்கினார். அவருக்கு முன்னால் நின்றவன், "சேர், தொங்காதீங்க, இழுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சேரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்போது கபூர் மச்சான் மெதுவாகச் சொன்னார்: "இப்ப வா மச்சான்."

நான் போனேன். தோளில் கை வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தோள் கல் மாதிரி இருந்தது. கபூர் மச்சான் கயிற்றை ஒரு பிடி இழுத்தார். பிறகு, "இழுங்க" என்றார். அதை அவர் சொன்ன விதத்தை எழுத எனக்கு எழுத்துப் போதாது. கமராக்காரர் கண்ணைத் துடைத்தார். அடுத்த கால் மணி நேரத்தில் வலை ஏறிவிட்டது.

மீன் பங்கு வைத்தபோது கபூர் மச்சான் முதல் பங்கைச் சேரிடம் நீட்டினார். ஆறு சாளையும் ஒரு சின்னப் பாரையும். சேர் வேண்டாம் என்றார். "கயித்தில கை வச்சவர் கரைக்கு அந்நியம் இல்ல, வாங்கத்தான் வேணும் எண்டு சொல்லு" என்றார் மச்சான். சேர் இரண்டு கையாலும் வாங்கினார். அந்த மீனை ஐஸ் போட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோய், படம் பிடித்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார் என்று எனக்கு நம்பிக்கையான இடத்திலிருந்து தகவல்.

படத்துக்கு எங்கேயோ வெளிநாட்டில் பரிசு கிடைத்தது. அதையும் நான் முன்பே சொல்லியிருந்தேன். ரிஸ்னா தன் கம்பியூட்டரில் படத்தைப் போட்டுக் காட்டினாள். கபூர் மச்சானின் முகம் திரை நிறைய இருந்தது. என்னில் தெரிந்தது வலது கை மட்டும், கைக்கடிகாரத்தோடு. தேத்தண்ணிக் கடையில் அந்தக் கதையை நான் சொல்லாத வாரம் இல்லை. கபூர் மச்சான் பக்கத்தில் இருந்து பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டே கேட்பார். "சொல்லு மச்சான், இந்த முறை எத்தின தரம் நடுங்கினன்?" என்று கேட்டுச் சிரிப்பார். "மன்னார்க்காரருக்குக் கமரா எண்டாக் காய்ச்சல்" என்று பகிடி பண்ணுவார்கள். நடுங்கிக் கபூர் என்ற பேர் அங்கேதான் பிறந்தது. பெற்றவன் நான்.

ரிஸ்னா, நீ இதை நாற்பதாம் நாள் எல்லோருக்கும் முன்னால் வாசிக்கப் போகிறாய். மேலே எழுதியதில் அங்கே இங்கே கொஞ்சம் உப்புக் கூடியிருக்கலாம். ஏழு தடவையைப் பதினேழு ஆக்கியிருக்கலாம். அதெல்லாம் கதைக்குத் தேவையான உப்பு. ஆனால் ஒன்று மட்டும் முழுப் பொய்.

வாப்பாவின் தோள் நடுங்கவில்லை மகள். அதன் மேல் இருந்த என் கை நடுங்கியது.

முதல் தடவை போனபோதே எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. காதுக்குள் ஒரு சொல்லும் வரவில்லை. கை ஆடியது, தோள் அதோடு சேர்ந்து ஆடியது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தோள்தான் தெரிந்தது. நான் கையை எடுக்கப் போனேன். உன் வாப்பா திரும்பாமலே சொன்னார்: "எடுக்காத மச்சான். எடுத்தாச் சேருக்கு விளங்கிடும். உன்ன வீட்டுக்கு அனுப்பிடுவார்." நான் நடிக்கப் போகிறேன் என்று புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையில் பஸ் ஏறிய எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அது அவருக்குத் தெரியும். "எனக்குப் பயமா இருக்கு எண்டு சொல்லு" என்று அவர் சொன்னபோது, அதைச் சிங்களத்தில் சொன்னவன் நான். பொய் என்று தெரிந்தே மொழிபெயர்த்தேன்.

அன்றைக்கே தேத்தண்ணிக் கடையில் யாரோ, "ஆரு நடுங்கின?" என்று கேட்டார்கள். நான் வாய் திறக்குமுன் அவர், "நான்தான்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைச் சொல்வது எனக்கு லேசாகிவிட்டது.

ஒரே ஒரு தடவை, நாங்கள் இருவரும் தனியாகக் கரையில் இருந்தபோது கேட்டேன். "ஏன் மச்சான் ஒரு நாளும் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ற? ஆடினது என்ட தோள்தானே" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தோளைத்தான். அந்தப் பேரை இன்றோடு என்னிடம் தந்துவிடுங்கள். நடுங்கி நூர்தீன் என்றும் வாய்க்கு நன்றாகத்தான் வருகிறது. சத்தமாக வாசி மகள். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டேன். முன்வரிசையில், எல்லோரும் பார்க்க இருப்பேன்.