விரலை மடக்கிக் காட்டுங்க

அப்பாவிடம் யார் எதைக் கேட்டாலும் "பரவாயில்லீங்க" என்றுதான் சொல்வார். காய்ச்சலில் கிடந்தாலும் அதுதான், பஸ் நெரிசலில் காலை மிதித்தவரிடமும் அதுதான். கட்டிங் மெஷின் இடது கையை வெட்டிய அன்று, ரத்தம் ஊறிய பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவரிடம் நர்ஸ் "ரொம்ப வலிக்குதுங்களா?" என்று கேட்டார். அதற்கும் அதையேதான் சொன்னார்.

அவர் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, செங்குத்தாக நிற்கும் கத்தி மெஷினை வலது கையால் தள்ளிக்கொண்டு போவார். அடுக்கு நகராமல் அழுத்திப் பிடிப்பது இடது கையின் வேலை. கத்திக்கும் அந்தக் கைக்கும் நாலு விரல் இடைவெளிதான் இருக்கும். தொழிற்சங்கம் கேட்டு வாங்கித் தந்த இரும்பு வலைக் கையுறை ஒன்று உண்டு. அன்றைக்கு வந்தது மெல்லிய துணி. வலையின் கண்ணி பட்டால் இழை இழுத்துவிடும் என்று கையுறையைக் கழற்றி வைத்திருக்கிறார். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தசைநாணும் நரம்பும் அறுந்தன.

எனக்கு அப்போது பி.காம். முடித்து ஒரு வருடம். பகலில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் மண்ணரைப் பகுதியில் இருக்கும் சங்க ஆபீசில் தொழிலாளர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேன். யாருக்காவது ஒரு தாள் நகர மறுத்தால் அதை நகர்த்திவிட்டுத்தான் சாப்பிடப் போவேன். அதனால் அப்பாவின் விபத்தில் எனக்கு ஒருவித உற்சாகம்கூட இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. விபத்து அறிக்கை, காப்பீட்டு அட்டை, லீவு சர்டிபிகேட் என்று ஒன்றுகூடத் தவறவில்லை. செயலாளர் அண்ணனே என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்லா" என்றார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

ஆபரேஷன் முடிந்து, கட்டைப் பிரித்ததும் பிசியோதெரபி தொடங்கியது. அங்கே சொல்லிக் கொடுத்ததை நான் அட்டவணையாக எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினேன். காலையில் வெந்நீரில் கையை வைத்து மடக்க வேண்டும். மத்தியானம் ஈரத் துண்டைப் பிழிய வேண்டும். சாயங்காலம் தட்டில் கொட்டிய கொள்ளுப் பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். கடைசியாகக் குண்டூசி. நான் போனில் வீடியோ எடுத்து எண்ணுவேன். அவர் நெற்றி வியர்க்க மடக்குவார்.

"இன்னும் ரெண்டு தடவைங்கப்பா."

"போதும் கண்ணு, விரலு அழுவுது."

"அழுவட்டும். மடக்குங்க."

அம்மா அடுப்படியிலிருந்து, "கம்பெனி சூப்பர்வைசரே தேவலைங்க" என்பாள். மூன்றாம் மாதம் கை ஏறக்குறைய முழுதாக மூடியது. அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன.

ஒருநாள் அப்பா டீ டம்ளரைப் பிடித்திருந்தபோது அம்மா கத்தினாள். ஆள்காட்டி விரல் நுனி கொப்பளித்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. நான் அவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பேனா மூடியால் இரண்டு விரல்களையும் மாற்றி மாற்றித் தொட்டேன்.

"இப்ப எந்த விரலுங்கப்பா?"

"நடுவிரலு."

"இப்ப?"

"சுட்டுவிரலு. நல்லா தெரியுதே கண்ணு."

கடைசி இரண்டு தடவையும் நான் தொடவே இல்லை. பேனா மூடி என் மடியில் கிடந்தது. எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதென்று சொன்னாரா, உண்மையிலேயே தெரிவதாக நினைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். நரம்பு திரும்புவது மெதுவாகத்தான் நடக்கும், திரும்பாமலும் போகலாம் என்றார். விரல் மடங்கும், ஆனால் எதன் மேல் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. அப்படி ஒரு கையைக் கத்திக்கு நாலு விரல் தள்ளி வைத்து வேலை செய்ய முடியாது. ஆகவே எல்லாமே மருத்துவ போர்டின் கையில் இருந்தது. இவ்வளவு சதவீதம் ஊனம் என்று அவர்கள் சரியாக எழுதினால், கத்தி இல்லாத வேலை கொடு என்று சங்கம் கம்பெனியைக் கேட்கலாம். இல்லையென்றால் 'ஃபிட்', திரும்பவும் அதே மேசை.

போர்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே போனேன். "மரத்துப்போச்சுன்னா மரத்துப்போச்சுன்னு சொல்லோணுங்கப்பா. பரவாயில்லீங்கன்னு மட்டும் வாயத் தொறந்துறாதீங்க."

"செரி கண்ணு, செரி."

உள்ளே அவரை மட்டும் கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. மூன்று டாக்டர்கள். நல்ல மனிதர்களாகவே தெரிந்தார்கள். ஒருவர் அப்பாவை உட்காரச் சொல்லிவிட்டு, "கை எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"பரவாயில்லீங்க சார்."

"விரலை மடக்கிக் காட்டுங்க."

மடக்கினார். விரித்தார். கேட்காமலே மேசை மேலிருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். பிறகு ஒரு குண்டூசியைத் தேடிப் பிடித்து, கண்ணை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, மெதுவாகத் தூக்கிக் காட்டினார். என் அட்டவணை அதே வரிசையில் நடந்துகொண்டிருந்தது.

"அட, பிரமாதமா பண்ணியிருக்கீங்களே!"

"என்ற மகதானுங்க. உட மாட்டீங்கறாளுங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு, "சார், அந்த ரெண்டு விரல்லயும் உணர்ச்சியே இல்லீங்க" என்றேன். அட்டெண்டர், "ஏம்மா, வெளிய நில்லும்மா" என்று என் தோளைத் தொட்டார். டாக்டர் அப்பாவிடம் திரும்பி, "அப்படீங்களா?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "சித்த மந்தமா இருக்குதுங்க. போகப் போகச் செரியாயிருமுங்க."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

தாள் வந்தபோது அதில் ஊனம் மிகக் குறைவு என்றும், வேலைக்குத் தகுதி என்றும் இருந்தது. கம்பெனியில் பேசிப் பார்த்தோம். "போர்டே ஃபிட்டுன்னு குடுத்திருக்குதுங்களே, நாங்க என்னங்க பண்றது? கட்டிங்ல ஆளே இல்லீங்க" என்று மரியாதையாகவே சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

செயலாளர் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "உங்க ஊரு மரியாதைதான் தங்கச்சி உங்களக் கெடுக்கு. எங்க ஊர்க்காரன்னா போர்டு முன்னால தரையில உருண்டுருப்பாம்லா." பிறகு, மேல்முறையீடு செய்யலாம், என்னென்ன முடியவில்லை என்று தொழிலாளியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

அது எனக்குப் பத்து நிமிட வேலை. அன்றே அப்பா முன்னால் தாளோடு உட்கார்ந்தேன். "சொல்லுங்கப்பா. முதல்ல எது முடியல?"

"எல்லாமே கொஞ்சங்கொஞ்சம் முடியுதே."

"அப்ப நானே எழுதறனுங்க. 'விரல்களில் உணர்ச்சி இல்லாததால் துணியைப் பிடிக்க இயலவில்லை.' செரீங்களா?"

அவர் தாளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, கவிழ்த்து வைத்தார்.

"கட்டிங் மாஸ்டருக்குக் கை போச்சுன்னு நானே எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு இந்தக் கம்பெனில வேல இல்லீன்னு தாட்டி உட்டா வேற எவன் கண்ணு கூப்புடுவான்? இந்த ஊர்ல ஒரு பேச்சு போதும்."

"அதுக்குத்தான் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்களா?"

"அன்னிக்கு ஒண்ணும் நெனைக்கல சாமி. அவங்க கேட்டாங்க, நான் காட்டுனேன்."

என்னிடம் பதில் இருந்தது. சட்டம், பிரிவு, சங்கம் என்று நிறையவே இருந்தது. ஆனால் அதில் எதுவும் வேறொரு கம்பெனியை அவரைக் கூப்பிட வைக்காது. மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருந்ததால், ஒருவாரம் பொறுத்துக் கேட்கலாம் என்று விட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனார். கட்டிங் பிரிவுக்குள் போன் கூடாது. ஆபீசில் உட்கார்ந்து மெயில் அடித்துக்கொண்டே மணியைப் பார்ப்பேன். அவர் வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன்.

வியாழக்கிழமை சிரித்துக்கொண்டே வந்தார். நடுவிரலில் பிளாஸ்திரி.

"இன்னிக்கு ஒரு கூத்து கேளு. வெள்ளைத் துணில பொட்டுப் பொட்டா ரத்தம். எவன்டா கையக் கிழிச்சுக்கிட்டவன், வெள்ளைல போயிக் கறை பண்ணிப்போட்டீங்களேன்னு அத்தனை பேரையும் வரிசையா நிறுத்தி, கையக் காட்டச் சொல்லிச் சத்தம் போட்டுட்டேன். ஒருத்தனுக்கும் ஒண்ணுமில்ல. அப்புறம் பார்த்தா எனக்குத்தான்."

அம்மா சிரிக்கவில்லை. அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சின்ன வெட்டுதான்" என்றார்.

"இதையாவது எழுதட்டுங்களாப்பா?"

"வேண்டாம் கண்ணு. கறைய எடுத்துட்டோம். யாருக்கும் தெரியாது."