எல்லோரும் பார்க்கப் போட்ட சிலுவை

கல்லூரியில் அவளுக்கு ‘ஆமென்’ என்றுதான் பெயர். ஆண், பெண் விடுதிகளுக்குப் பொதுவான சாப்பாட்டு ஹாலில் தட்டைக் கையில் வாங்கியதும் நின்று, நெற்றியிலிருந்து தோள்வரை நிதானமாகச் சிலுவை போட்டுவிட்டுத்தான் உட்காருவாள். ஒளித்தும் செய்யமாட்டாள், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பியும் பார்க்கமாட்டாள். நான் அவளுடைய அறைத்தோழி. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. முதல் நாள் அவள் கட்டில் கம்பியில் ஜெபமாலையை மாட்டியபோதே, ராத்திரியெல்லாம் ஜெபம் நடக்குமோ என்று கேட்டே விட்டேன்.

“மனசுக்குள்ளதான் சொல்லுவேன். தொந்தரவா இருந்தா தயங்காம சொல்லிடு” என்றாள்.

தொந்தரவாக இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும் நேரத்தில் பூசைக்குக் கிளம்புவாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்தாலும் கதவு அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் வகுப்பில் விவாத மன்றச் செயலாளன் ஒருவன் இருந்தான். மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிறவன் என்பதால் அவன் பெயரே ‘மைக்’. கடவுள் இருந்தால் குழந்தைகளுக்கு ஏன் நோய் வருகிறது என்று அவளை மடக்குவான். அவள் வாதாடமாட்டாள்.

“எனக்கும் தெரியல. நானும் அதைத்தான் அவர்கிட்ட கேட்டுட்டு இருக்கேன்” என்பாள். உடனே அவன் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

இரண்டாம் ஆண்டில் ஒரு காலை. அவள் ராத்திரியெல்லாம் கண் விழித்து வரைந்த பாலத்தின் வரைபடத்தை அன்று வகுப்பில் ஒப்படைக்க வேண்டும். எனக்குக் காட்டுவதற்காகச் சாப்பாட்டு மேஜையிலேயே அதை விரித்தாள். பரிமாறும் அக்கா டீ கெட்டிலோடு வந்தார். பின்னாலிருந்து யாரோ இடித்ததில் டீ சிந்தி, பாலம் முழுக்கப் பரவியது.

ஆமென் எழுந்தாள். அவளிடம் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“டீ ஊத்தக்கூடத் தெரியலைன்னா எதுக்கு வேலைக்கு வர்றீங்க?”

அக்கா துணியை எடுத்து மேஜையைத் துடைத்தார். அப்போது மைக் தன் இடத்திலிருந்தே ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

“ஆமென்.”

ஹால் வெடித்துச் சிரித்தது.

வரைபடத்துக்கு ஆசிரியர் மறுநாள்வரை அவகாசம் கொடுத்தார். அது ஒரு வழியாக முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து அவள் சிலுவை போடவில்லை. தலை குனிந்து நேராகச் சாப்பிட ஆரம்பித்தாள். ஞாயிறு பூசைக்குப் போய் வந்த பிறகும் அப்படியே இருந்தாள். ஏன் என்று அறையில் கேட்டேன்.

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போடறது? என்னைப் பார்த்துக் கடவுளையும் சேர்த்துல்ல சிரிக்கிறாங்க.”

சர்ச்சில் ஃபாதரிடம் தவற்றைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டதாகவும், முதலில் அந்த அக்காவைப் பார்த்துப் பேசும்படி அவர் சொன்னதாகவும் சொன்னாள். சமையலறைப் பின்பக்கம் போய், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“திட்டினது நடு ஹால்ல. மன்னிப்பு மட்டும் பின்வாசல்லயா?”

அவள் என்னை முறைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதிகம் பேசிவிட்டோமோ என்று எனக்கே உறுத்தியது.

மறுநாள் மதியம், வரிசை வாசல்வரை நீண்டிருந்த நேரத்தில், அவள் தட்டோடு அக்காவின் முன்னால் நின்றாள்.

“அக்கா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்களை மட்டமாப் பேசிட்டேன். சாப்பிடற இடத்துல அதை விரிச்சது என் தப்பு. பேசினது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க.”

அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்.

“வீட்டுக்குப் போயும் எனக்கு ஆறலம்மா. இன்னும் முழுசா ஆறல. இருந்தாலும் வந்து சொன்னியே, அது போதும். தட்டை நீட்டு, பின்னாடி நிக்கிறாங்க பாரு.”

திரும்பி வந்தவள் மேஜையருகே நின்று சிலுவை போட்டாள். மைக் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்தான். அதற்காக அவன் மனம் மாறிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வாரமே புதுக் கேள்விகளோடு வந்தான். ஆனால் அதற்குப் பிறகு, அவள் ஜெபம் முடித்து உட்காரும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பித்தான்.

அக்கா அவளோடு சகஜமாகப் பேச அந்த செமஸ்டர் முடிய வேண்டியிருந்தது. ஆமென் அவசரப்படுத்தவில்லை. தினமும் வணக்கம் சொல்வாள், அவர் சொல்லும் ஒற்றை வார்த்தையை வாங்கிக்கொண்டு நகர்வாள். ஒருநாள் அக்கா தாமாகவே, கால் வலிக்கிறது என்று அவளிடம் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தார். அவள் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் நான் கிளம்பிவிட்டேன்.