பாத்திக்குள் இறங்காத காவலர்கள்

நான்காவது லெவலைக் கொடுத்த மறுநாள் காலையிலேயே ரிஸ்வான் சேர் கொழும்பிலிருந்து கோல் எடுத்தார். அவர்தான் முதலாளி. புத்தளத்து ஒஃபிஸில் நாங்கள் மூன்றே பேர். பெரிய பெரிய பிக்சலாகத் தெரியும் பழைய பாணித் துப்பாக்கி கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மழையே இல்லாத ஒரு நகரம், தண்ணீரும் உப்பும் அரசாங்கத்தின் பிடியில், தப்பி ஓடும் கைதியாக நாம். லெவல் வரைவது என் வேலை, நான்காவது லெவல் ஒரு உப்பளம். அதில் நான் கெட்டிக்காரன், பொய்யாக அடக்கம் காட்ட மாட்டேன்.

"உங்கட காவல்காரனுகளுக்கு மண்டையில ஒண்டும் இல்லையா? உப்புப் பாத்திக்கு நடுவுல நிண்டு எல்லாரையும் சுட்டுப் போட்டன். ஒருத்தனும் இறங்கி வாறான் இல்ல. வெள்ளிக்கிழமை டெமோ. காசு போடுறவருக்குப் பிடிக்காட்டி ஒஃபிஸ மூட வேண்டியதுதான்."

புரோகிராமில் பிழை இருக்கும் என்று சுதர்சனைப் பிடித்து ஏசினேன். அவன் பக்கத்து ஊரான உடப்புப் பொடியன், எங்கள் புரோகிராமர், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பான். பாவம், அவன்மேல் குற்றமே இல்லை. காவலர் நடக்கும் கோடுகளை வரைந்தது நான். அத்தனையும் பாத்திகளைப் பிரிக்கும் வரம்பின் மேலேயே ஓடின, பாத்திக்குள் ஒன்றுகூட இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் என் கூடப்பிறந்த ராத்தாவிடம் புலம்பினேன். அவ உப்பளத்தில் வேலை செய்கிறவ. கறியை அள்ளிப் போட்டபடியே, "உப்பு விளையிற பாத்திய ஆராவது மிதிப்பானா? சேறு கலந்தா அந்த உப்பு ஆருக்கு?" என்றா.

சோற்றில் கை அப்படியே நின்றது. சின்ன வயதிலிருந்து நானும் வரம்பில்தான் நடக்கிறேன். கேம் வரையும்போதும் கை அப்படியே போயிருக்கிறது.

கோடுகளைப் பாத்திக்குள் இழுத்துவிட ஒரு மணித்தியாலம் போதும். நான் இழுக்கவில்லை, பாத்தியையே பொறியாக மாற்றப் போகிறேன் என்றேன். "நானா, மூண்டு நாள்தான் இருக்கு" என்று சுதர்சன் தலையில் கை வைத்தான். வைக்கட்டும் என்று விட்டேன். பாத்தியில் கால் வைத்தால் உப்பு நொறுங்கும், கால்பட்ட இடம் கறுக்கும், அபாயச் சங்கு ஊதும். காவலர் நாலு வரம்பிலும் வந்து நின்று சுடுவார்கள், உள்ளே ஒளிய இடமிராது. அப்போதும் ஒருவன் இறங்க மாட்டான். சுவரில் ஒரு பலகையும் மாட்டினேன்: 'உப்பை மிதித்தவனுக்குத் தண்ணீர் இல்லை.'

வெள்ளிக்கிழமை ரிஸ்வான் சேரோடு காசு போடுகிறவர் எங்கள் ஒஃபிஸுக்கு வந்து உட்கார்ந்தார். பாத்திக்குள் ஓடினார், செத்தார். மூன்று தரம் செத்தார். ரிஸ்வான் சேர் என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். நாலாவது தரம் அந்த மனிசர் வரம்போடு மெல்ல நடந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவனுகள் ஏன் இறங்கி வந்து புடிக்கிறானுகள் இல்ல?"

"அந்த ஊர்ல மனிசன விட உப்புக்கு விலை கூட, சேர்."

அவர் லெவலைக் கடைசிவரை விளையாடி முடித்து, "அஞ்சாவது எப்ப தருவீங்க?" என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பிழையைத் திருத்த ஒரு மணித்தியாலம் போதும். அதற்கு முன் பத்து நிமிடம், அதை ஏன் செய்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள்.