பட்டி காயும் நாள்

சுவரில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார் ஆண்டாயி. திருப்தி இல்லை. கன்னத்தையே வைத்துப் பார்க்கிறார். "இன்னும் ஈரம் இருக்கு. எவனும் கலர் டப்பாவத் தொறக்காதீங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு ஆறிப்போன டீயைக் குடிக்கிறார்.

பெரம்பலூரில் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கும் ஒரே பெண் தான்தான் என்று இவரே சொல்வார். நான் விசாரிக்கவில்லை, விசாரித்தால் கோபித்துக்கொள்வார். தன்னடக்கம் இவருக்கு ஒத்துவராது. பருத்தி எடுக்கப் போன குடும்பத்தில் பிறந்தவர், சித்தாளாகப் போன இடத்தில் பிரஷ் பிடித்தவர். தலையில் பூப்போட்ட துண்டு, வாயில் ஓயாத பேச்சு.

இவரிடம் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் இவர் தெருப் பிள்ளைகள், படித்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள். மீதிப் பேர் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவர்கள். முகாம் பிள்ளைகள் என்றால் மற்ற கான்ட்ராக்டர்கள் தயங்குவார்கள். காரணம் செக்கிங். ஆள் எண்ணும் அந்த நாளில் எல்லாரும் முகாமில் நேரில் நிற்க வேண்டும். பாதி வேலையில் இறங்கிப் போகிற ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்?

ஆண்டாயி வைத்துக்கொண்டார். சுவரை வழவழப்பாக்கப் பூசுகிற பட்டி, செக்கிங்குக்கு முதல் நாள் முடிகிற மாதிரி வேலையை ஓட்டுவார். மறுநாள் பிள்ளைகள் முகாமில் நிற்பார்கள், பட்டி சுவரில் காயும். "எப்படியும் காய விட்டுத்தான ஆவணும்? அது அன்னிக்கே காயட்டுமே."

செந்துறையில் புதுக் கல்யாண மண்டபம் கட்டி, பெயின்ட் வேலையை இவரிடம் கொடுத்திருந்த முத்துவேலுக்கு இது தெரியாது. மகள் கல்யாணம்தான் அங்கே முதல் முகூர்த்தம். செக்கிங் நாளில் வந்து, ஆளில்லாத மண்டபத்தைப் பார்த்துப் பதறிப் போனில் கத்தினார். "அகதிப் பசங்க வேணாம். ஒன் தெரு ஆளுங்கள மட்டும் வச்சு முடிக்கிறதுன்னா முடி, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

இவர் எடுத்ததிலேயே பெரிய வேலை அது. கைவிட்டுப் போனால் தெருப் பிள்ளைகளும் முகாம் பிள்ளைகளும் வீட்டில்தான். "எல்லாரும் என் ஆளுங்கதான் சார். வந்தா மொத்தமா வருவோம்" என்று போனை வைத்துவிட்டார். அன்று அக்கா சோறே தொடவில்லை என்கிறான் கூட வேலை செய்யும் மாயவன்.

வேறு ஆட்கள் வந்தார்கள், ஈரப் பட்டி மேலேயே கலரை ஏற்றினார்கள். ஒரே வாரத்தில் மேடைச் சுவர் முழுக்கக் கொப்புளம். மறுபடியும் போன் வந்தது, இந்த முறை கத்தல் இல்லாமல். குழு மொத்தமும் போனது. சுரண்டி, பட்டி பார்த்து, காய விட்டு அடித்தார்கள். முகாமில் பிறந்த நிரோஷினி மேடைச் சுவரில் மயில் நிறத்தில் பூங்கொடி வரைந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துத் தீரவில்லை. குழு மொத்தமும் முதல் பந்தியில் சாப்பிட்டது. கல்யாணத்துக்குப் போய்ப் பார்த்த எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

போன வாரம் முத்துவேலே நேரில் வந்தார், தன் வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டுமென்று. "செக்கிங் என்னிக்குன்னு சொல்லுங்க. அதுக்கு ஏத்தாப்ல நாள் பாப்போம்" என்றார்.

ஆண்டாயி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு, தேதியை அவளே சொல்லட்டும் என்று, பக்கத்தில் நின்ற நிரோஷினியின் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார்.