நாசி லெமாக்கும் அம்மாவின் நேர்த்தியும்

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து காலை நொறுக்கிக்கொண்டபோது நான் தொடக்கநிலை நான்கில் படித்தேன். எழுபதுகளின் கடைசி. ஃபேரர் பார்க்கில் ஓரறை வாடகை வீடு. அம்மா சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையில் மீன் கழுவும் வேலைக்குப் போனாள். எனக்குத் தலை பின்னிவிடும்போது அவள் விரலில் அந்த வாடை இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அப்பா எழுந்து நடக்கிற வரைக்கும் கவிச்சியே தொடுவதில்லை என்று அம்மன் சந்நிதியில் நேர்ந்துகொண்டிருந்தாள்.

“அப்பா கால் சரியாகணும்லா,” என்று ஒரு தடவைதான் சொன்னாள். எனக்கு அது போதும். ஒரு துண்டு மீன் நாக்கில் பட்டாலும் அப்பா நடக்க மாட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பள்ளியில், வீட்டில் வருமானம் போதாத பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைப்பார்களா? நின்றேன். அரசாங்கச் செலவில் பாடப்புத்தகம் வந்தது, பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டாம் என்றார்கள், இடைவேளைச் சாப்பாட்டுக்குக் கூப்பனும் கொடுத்தார்கள். அந்தக் கூப்பனுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையான டக்‌ஷாப்பில் ஒரே ஒரு கடை. கடைக்கார மலாய் அம்மாவை மக்சிக் என்போம். அவர் தினமும் போட்டது நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறு, மிளகாய் அரைத்த சம்பால், மேலே ஒரு பிடி வறுத்த நெத்திலி. மக்சிக் நல்ல மனுஷி. நான் நோஞ்சானாக இருக்கிறேன் என்று நெத்திலியைக் கூடுதலாகவே அள்ளிப் போடுவார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

முதலில் ஓரமாக ஒதுக்கிப் பார்த்தேன். அப்புறம் யாரும் பார்க்காதபோது பள்ளி உடுப்பான பினஃபோரின் பாக்கெட்டில் போட்டேன். எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். அதற்கடுத்த வாரம் தமிழ் டீச்சர் வந்து என் மேசைக்கு எதிரே நிற்க ஆரம்பித்தார். கூப்பன் பிள்ளைகளுக்கு அவர்தான் பொறுப்பு. மற்றவர்களை விட்டுவிட்டு என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதையும் சாப்பிடு.”

நான் தலையை நிமிர்த்தவில்லை. சாப்பிடாதவளுக்குக் கூப்பன் எதற்கு, வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றார். கூப்பன் போனால் அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் நெத்திலி என் தட்டுவரைக்கும் வந்த கதை தெரிந்துவிடும். அதோடு, காலையில் வெறும் காப்பியோடு வந்த வயிறு மத்தியானம்வரை தாங்காது. எந்தப் பக்கமும் நகர முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள். டீச்சர் போகவில்லை. மக்சிக் மேசைகளைத் துடைத்துக்கொண்டு வந்து என் மேசையை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அழுதுகொண்டே மென்றேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், நெத்திலி அவ்வளவு ருசியாக இருந்தது. பாவி நாக்கு! தமிழச்சியாகப் பிறந்து, நேர்த்தி என்றால் என்னவென்று தெரியாதா இந்தம்மாவுக்கு என்று மனசுக்குள் டீச்சரைத் திட்டித் தீர்த்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அதே கதைதான். அப்பாவின் காலில் சீழ் பிடித்து மறுபடி கீறப்போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். ஆஸ்பத்திரியில் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாளும் டீச்சர் வந்தார். மறுநாளும் சாப்பிட்டேன்.

அப்பா கைத்தடியோடு வீட்டுக்கு வந்தார். தடியில்லாமல் அவரால் நடக்கவே முடியவில்லை. நாளாக நாளாக அம்மா அப்பாவுக்கும் எனக்கும் மீன் ஆக்கிப் போட ஆரம்பித்தாள். தான் மட்டும் தொடவில்லை. நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தட்டில் பொரித்த மீனை வைத்துவிட்டுத் தனக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“நீ விரதம் இருந்து என்னம்மா பிரயோசனம்? நான் அப்பவே கெடுத்துட்டேன். ஸ்கூல்ல தினம் நெத்திலி தின்னேன். டீச்சர் நின்னு தின்ன வெச்சாங்க.”

அம்மா ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

“தெரியும்லா. பாக்கெட்டுல எறும்பைப் பாத்துட்டு நான்தான் டீச்சர்கிட்டப் போய்ச் சொன்னேன், பக்கத்துல நின்னு சாப்பிட வைங்கன்னு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை வருஷம் அப்பாவின் தடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் செத்துச் செத்துப் பிழைத்தேன்!

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா சாப்பிட்டிருப்பியா நீ? நேர்ந்துக்கிட்டது நானு. உன் பங்குக்கும் சேர்த்துத்தான் இன்னும் இருக்கேன்.”

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மா அதை என் பக்கமே திருப்பித் தள்ளினாள். முள் பார்த்துச் சாப்பிடு என்றாள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.