பிரேக் மாஸ்டர் வாயைத் திறக்காத நாள்

ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொந்தக் குடும்பத்தோடு ஒரு பயணமும் உருப்படியாகப் போனதில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை அதுதான். ஓட்டுநர் பள்ளியில், மாணவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று பொருத்தியிருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்தே பாதி ஆயுளைக் கழித்த மனிதர் அவர். பிரேக் மாஸ்டர் என்ற பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவர் பார்த்த உலகமெல்லாம் பள்ளியைச் சுற்றியிருந்த நாலு தெருதான், அதுவும் இரண்டாவது கியரில்.

வாடகைக் காரில் போயிருக்கலாமே என்பீர்கள். போனார்கள். ஆனால் மாஸ்டருக்கு யார் ஓட்டினாலும் மாணவன்தான். "கண்ணாடியப் பாரு! கிளட்ச்ச விடாதே! பிரேக்கு, பிரேக்கு!" என்று கத்தியதில், ஒரு டிரைவர் பாதி வழியில் சாவியை அவர் கையில் திணித்து, "நீங்களே ஓட்டிக்குங்க சார்" என்று கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். பக்கத்து இருக்கையிலேயே ஊறிப்போன மாஸ்டருக்கோ ஸ்டியரிங் பிடிக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. குடும்பமும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தது.

இப்போது மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் கிளம்புகிறாள். அதற்குள் மூவரும் சேர்ந்து ஒரே ஒரு தடவை எங்காவது போய்வர வேண்டும் என்று மாஸ்டருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த பழைய கேம்பர் வேன் ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல ஓடினார்.

மனைவியும் மகளும் கூடவே போனார்கள். புருஷனிடம் கற்றால் குடும்பம் நடத்த முடியாது என்று வேறு பள்ளியில் கற்று லைசென்ஸ் எடுத்தவள் மனைவி.

"நான்தான் ஓட்டிப் பாப்பேன். வண்டி திரும்பி வந்து நிக்கிற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது. பிரேக்குன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, வண்டியும் கிடையாது, பயணமும் கிடையாது."

"மூச்சாவது விடலாமா?"

"மூக்கால விடுங்க."

விற்றவர் ஒரு பல் டாக்டர். "கொழந்த மாதிரி பாத்துக்கிட்டேன். சின்னதா ஒரு ஓட்டை விழுந்தாக்கூட என் கையாலயே அடைச்சிடுவேன்" என்றார் பெருமையாக. அதில் உள்ள ஆபத்து அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

மனைவி ஸ்டியரிங்கைப் பிடிக்க, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளும் டாக்டரும் பின்னால் படுக்கையில் உட்கார்ந்துகொண்டார்கள். தடை வாய்க்குத்தானே, காலுக்கு இல்லையே! குறுக்கே நாய் வந்தது, மாஸ்டர் இல்லாத பிரேக்கை மிதித்தார். எதிரே லாரி வந்தது, இன்னும் ஓங்கி மிதித்தார். வளைவில் மனைவி வேகத்தைக் குறைக்காததைப் பார்த்ததும் உயிரையெல்லாம் காலில் திரட்டி ஒரே மிதி. ரப்பர் விரிப்பு விலகி, 'படக்'கென்று கால் முட்டிவரை உள்ளே போனது. உள்ளே என்ன உள்ளே? வெளியே! கீழே தார் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு கழன்று விழுந்தது.

'பி' என்ற எழுத்து பல்வரை வந்துவிட்டது. மகளை நினைத்துக்கொண்டார். விழுங்கிவிட்டார்.

"அப்பா, இவ்ளோ நேரம் சத்தமே இல்ல! உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றாள் மகள்.

மாஸ்டர் கண்ணில் நீர் முட்டச் சிரித்துவைத்தார்.

அப்போது பைக்கில் ஒருவர் ஒற்றைச் செருப்பை ஆட்டியபடி பக்கத்தில் வந்தார். "அம்மா, நிறுத்துங்க! உங்க வண்டிக்கு அடியில ஒரு கால் தொங்குது!"

வேன் ஓரமாக நின்றது. எல்லோரும் சேர்ந்து மாஸ்டரைப் பிடுங்கி எடுத்தார்கள். டாக்டர் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, "கெட்டியாத்தானே அடைச்சேன்... வேரோட போயிடுச்சே!" என்று முனகினார்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மனைவி பதறினாள்.

"சொன்னா பயணம் கிடையாதுன்னியே. புள்ள போயிட்டா அப்புறம் எப்ப..." என்றார் மாஸ்டர்.

மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், வண்டிய எடுத்துக்கறோம். ஆனா இந்த எடத்துல நல்ல இரும்புத் தகடாப் போட்டுக் குடுங்க. இவரு இன்னும் ரொம்ப தூரம் மிதிக்க வேண்டியிருக்கு."