நெட்டா ஹீபர்ட் ஓட்டிய வண்டி

இணையத்தில் என் பெற்றோரைத் தேடியவர்கள் செய்த முதல் தவறு, வண்டியை அப்பா ஓட்டினார் என்று நினைத்தது.

அப்பா கார்னி ஹீபர்ட்டுக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எதையும் ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். ஓட்டியது அம்மா. பெயர் நெட்டா. ஐந்தடி உயரம்கூட இல்லை. ஸ்டியரிங்குக்கு மேலே முகம் தெரிய இரண்டு மெத்தைகள் போட்டு உட்காருவாள்.

அம்மா கனடாவில், மனிடோபாவின் தெற்கே, மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு வீட்டில் பிறந்தாள். அங்கேயே கல்யாணம், அங்கேயே வேலை. சூரியகாந்தி விதை ஆலையில், ஓடும் பெல்ட்டின் முன்னால் நின்று கல்லையும் தண்டையும் பொறுக்குவது. ஓய்வு பெற்ற பிறகும் விரல்கள் ஓயவில்லை. சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டே ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி ஒரு பக்கமாகச் சேர்ப்பாள்.

அப்பாவின் கண் கெட்டபோது அவளுக்கு ஐம்பது வயது. அதுவரை கார் சாவியைத் தொட்டதில்லை. தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் நான் கற்றுக்கொடுத்தேன். இரண்டாவது நாளே தேவாலயத்தின் பெயர்ப்பலகையைச் சாய்த்தாள். போதகர் வெளியே வந்து பார்த்தார்.

"நெட்டாக்கா, உள்ள வர்ற கதவு அந்தப் பக்கம் இருக்கு."

"கதவு வழியா வந்தா நீங்க எங்க எழுந்து வந்து பாக்குறீங்க, பாஸ்டர்?"

பிறகு கட்டிலும் அடுப்பும் உள்ள பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினார்கள். பின்பக்கம் ஒரு பெரிய சூரியகாந்தியை அம்மாவே வரைந்தாள். எதிரே வரும் ஒவ்வொரு மோட்டார்ஹோமுக்கும் கையசைப்பாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார்.

"இடது பக்கம் திரும்பு, டிரைவரம்மா."

"அங்க ஆறு ஓடுது. கண்ணு தெரியாத மனுசன் வாய வச்சுக்கிட்டு சும்மா வாங்க."

போன மே மாதம் இருவரும் மேற்கே கிளம்பினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே டெரஸ் ஊரில் அப்பாவின் தங்கை யுஸ்டீனா அத்தை இருக்கிறாள். சனிக்கிழமை வழியில் ஓர் ஊரில் பெட்ரோல் போட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அத்தைக்கு அம்மாவின் செய்தி ஒன்று வந்தது. ஏரிக்கரையில் சாப்பிட்டார்கள், நாளைக்கு வந்துவிடுவார்கள் என்று அத்தை எங்களிடம் சொன்னாள். புதன்கிழமை அவர்கள் வரவில்லை. மறுநாள் போலீசில் சொன்னோம்.

செவ்வாயன்று அந்தச் செய்தி எந்தச் செல்பேசிக் கோபுரம் வழியாக வந்தது என்று போலீசார் கண்டுபிடித்தார்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய மலைக் கோபுரம். ஆக, செவ்வாய்க்கிழமை வண்டி அந்த இடத்தைக் கடந்து மேற்கே போயிருக்கிறது. தேடல் அங்கிருந்து மேற்கே தொடங்கியது.

காணாமல் போனவர்களைப் பற்றிப் பேசும் இணையக் குழு ஒன்றில் அவர்களுக்கென ஒரு பக்கம் தொடங்கினார்கள். யாரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. முதலில் அப்பா அம்மாவைக் கொன்றிருப்பார் என்றார்கள். பிறகு அம்மா அப்பாவை. பிறகு ஒருத்தி எழுதினாள்: "நாத்தனார் வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா அப்படியே வடக்க யூகானுக்குப் போயிருப்பாங்க. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

நிறையப் பேர் சிரித்தார்கள். ஆனால் அதுவே நிலைத்துவிட்டது. அப்பா யூகான் பார்க்க ஆசைப்பட்டதை அம்மா இணையத்தில் போட்டிருந்த பழைய பயணப் பதிவுகளிலிருந்து தோண்டி எடுத்தார்கள்.

'பழைய வரைபடம்' என்ற பெயரில் எழுதியவர் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். அம்மா ஒரு நாளில் எவ்வளவு ஓட்டுவாள், எங்கே நிற்பாள் என்பதையெல்லாம் அவளுடைய பழைய பயணங்களிலிருந்து கணக்கிட்டு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். தினமும் காலையில் புள்ளி நகர்ந்தது. மழை பெய்தால் நகரவில்லை. "நெட்டா மழைல ஓட்டமாட்டாங்க. இன்னைக்கு ஓய்வு." அது உண்மை. அம்மா மழையில் ஓட்டமாட்டாள்.

புள்ளி இருந்த இடங்களிலிருந்து தகவல்கள் வரத் தொடங்கின. வெளிர்மஞ்சள் வண்டி, பின்னால் சூரியகாந்தி. குள்ளமான கிழவி கையசைத்தாள். யாரோ ஒருவர் எழுதினார்: ஓட்டும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு போனாள். அம்மா பாடுவாள், ஒரே ஞானப்பாட்டை, எப்போதும் இரண்டாம் சரணத்திலிருந்து. அது எந்தப் பதிவிலும் இல்லை. தேடிப் பார்த்தேன். நான் யாரிடமும் சொல்லவும் இல்லை.

நான் செல்பேசிக் கோபுரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கருவி காட்டாத எதையும் நம்புவதில்லை. ஆனாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு புள்ளியின் பின்னால் போனேன். யூகான் எல்லைக்கு அப்பால் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் இருந்தவரிடம் படத்தைக் காட்டினேன்.

"இவங்கதானா? நேத்து வந்தாங்களே. இன்ஸ்டன்ட் இல்லாத காபி இருக்கான்னு கேட்டாங்க."

"நல்லாத் தெரியுமா?"

"இந்தப் பாட்டிய மறக்க முடியுமா? ஐயா வண்டிலயே தூங்கிக்கிட்டு இருந்தார்." அவர் வாசலுக்கு வந்து வடக்கே கைகாட்டினார். "அப்படித்தான் போனாங்க. இப்ப விரட்டினா பிடிச்சிரலாம்மா."

விரட்டினேன். சாலை காலியாக இருந்தது. போலீசாரும் அதே தகவலை வைத்து வடக்கே ஒரு ஹெலிகாப்டரை அனுப்பியிருந்தார்கள். அது எனக்கு முன்னால் போய்த் திரும்பி வந்தது.

அன்று மாலை யூகானின் ஒயிட்ஹார்ஸ் ஊரில் ஒரு விடுதியில் இருந்து குழுவின் பக்கத்தைப் பார்த்தேன். அத்தையின் பேரன் அம்மாவின் செய்தியை அப்படியே படம் பிடித்துப் போட்டிருந்தான். அதுவரை அத்தை வாயால் சொன்னதைத்தான் நானும் போலீசாரும் வைத்திருந்தோம். அம்மா எழுதியது இது:

"ஏரிக்கரைல ஃபாஸ்பா ஆச்சு. கார்னி தூங்குறார். நாளைக்குப் பாக்கலாம்."

குழு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. ஃபாஸ்பா என்பது ஊர் என்றார் ஒருவர். காட்டிலாகாவின் ஏதோ ஒரு முகாம், எழுத்து மாறிவிட்டது என்றார் இன்னொருவர். "கடத்தினவன் பேரு. சங்கேதமா சொல்றாங்க" என்று ஒருத்தி. பழைய வரைபடம் மட்டும் எழுதினார்: "எதுவா இருந்தாலும் செவ்வாய்க்கிழமை நடந்தது."

ஃபாஸ்பா என்பது எங்கள் ஆட்களின் மாலைச் சிற்றுண்டி. ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சுட்ட இரட்டை பன், சீஸ், பிளம் ஜாம், காபி, காபியில் தோய்க்கச் சர்க்கரைக் கட்டி. எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியது. மற்ற நாட்களில் அதே பன்னைத் தின்றாலும் அது வெறும் காபி. சின்ன வயதில் ஒரு புதன்கிழமை "ஃபாஸ்பா எப்ப?" என்று கேட்டதற்கு, "இன்னைக்கு யாரு பிரசங்கம் பண்ணா?" என்று கேட்டாள் அம்மா.

அத்தையைக் கூப்பிட்டேன்.

"அத்தை, ஃபாஸ்பான்னு இருந்ததை ஏன் சாப்பாடுன்னு சொன்னீங்க?"

"போலீஸ்காரனுக்கு ஃபாஸ்பான்னா புரியுமாடி? அதான் சாப்பாடுன்னேன்."

"செவ்வாய்க்கிழமை எப்படி ஃபாஸ்பா?"

"ஏன், நான் இங்க தினம் நாலு மணிக்கு ஃபாஸ்பா சாப்பிடுறேன். ஒரு இங்கிலீஷ்காரனைக் கட்டிக்கிட்டு வந்தவ, எனக்கு ஞாயிறு என்ன, செவ்வா என்ன?" சொல்லிவிட்டு அத்தை நிறுத்தினாள். "ஐயோ, மார்லிஸ். நெட்டா அப்படிச் சொல்லமாட்டாளே."

"சொல்லமாட்டா."

"அப்ப அது ஞாயித்துக்கிழமையா? எனக்குச் செவ்வாதானே வந்தது. ரெண்டு நாளா அது எங்கடி இருந்துச்சு?"

எங்கே இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சிக்னல் இல்லாத இடத்தில் எழுதிய செய்தி போனிலேயே காத்திருக்கும். சிக்னல் கிடைத்ததும் தானாகப் போய்விடும். போன் சிக்னலைத் தேடிப் போயிருக்கலாம். அல்லது சிக்னல் போனைத் தேடி வந்திருக்கலாம்.

அந்தப் பகுதிக் கோபுரங்களைப் பார்த்துக்கொள்ளும் டுவேனை எனக்குப் பழக்கம். கூப்பிட்டேன்.

"அந்த மலைக் கோபுரம் மே மாசம் நல்லா இருந்துச்சா?"

"எங்க நல்லா இருந்துச்சு? சனிக்கிழமை ராத்திரி இடி விழுந்து மொத்தமும் போச்சு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான்தான் ஏறி உசுர் குடுத்தேன். ஏன்?"

அத்தைக்குச் செய்தி வந்த நேரத்தைச் சொன்னேன். அவன் தன் குறிப்பைப் பார்த்தான்.

"நான் சுவிட்ச் போட்ட அதே நிமிஷம், மார்லிஸ்."

"எந்தப் பக்கத்து ஆன்டெனா?"

"இதை நான் சொன்னதா யாருக்கும் தெரிய வேணாம். தெற்குப் பக்கம். நெடுஞ்சாலை வடக்க. ஓரத்துல ரெண்டு பக்கத்து சிக்னலும் கலந்துதான் விழும், அதனால யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல."

"தெற்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. மரம் வெட்டுற பழைய ரோடு. அதோட கடைசில ஒரு ஏரி." அவன் குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்பறம், அந்தப் போன் வேற எந்தக் கோபுரத்துலயும் பதியலயா?"

"பதியல."

வண்டி செவ்வாய்க்கிழமை அந்த இடத்தைக் கடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்றது. அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டி வடக்கே வந்திருந்தோம்.

போலீசாரிடம் சொன்னேன். மறுநாள் காலை ஏரிக்கு மேலே ஹெலிகாப்டர் ஒரு சுற்றுச் சுற்றியது. ஒன்றே போதுமானதாக இருந்தது. தாழப் பறந்தபோது வண்டியின் பின்பக்கத்துச் சூரியகாந்தி நன்றாகத் தெரிந்ததாம்.

இருவரும் கட்டிலில் இருந்தார்கள். போர்வை கழுத்துவரை. மேசையில் இரண்டு கோப்பைகள், ஜாம், உலர்ந்த பன். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே சாரல் மழை, குளிர். எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன. ஜெனரேட்டர் பெட்ரோல் தீரும்வரை ஓடியிருக்கிறது. அதன் புகைக்குழாய் ஓரிடத்தில் விட்டுப்போய், விஷவாயு உள்ளே கசிந்திருந்தது. வார நாட்களில் அம்மா அடுப்பில் வெந்நீர் வைத்து இன்ஸ்டன்ட் காபி கலக்குவாள். ஃபாஸ்பாவுக்கு மட்டும் மின்சாரக் காபிப் பானை வேண்டும். அதற்குத்தான் ஜெனரேட்டர்.

ஞாயிறு இரவுக்குள் எல்லாம் முடிந்திருக்கும், வலி தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். செவ்வாயன்று செய்தி போனபோது அங்கே உயிரோடு யாரும் இல்லை. சார்ஜரில் மாட்டிய போன் தானாகவே அனுப்பியது.

உடல்களை விமானத்தில் ஊருக்கு அனுப்பினோம். விசாரணை முடிந்து வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். விற்றுவிடச் சொன்னாள் அத்தை.

"அதுல ஏறி உக்காந்து எப்படி ஓட்டுவ? பயமா இருக்காதா?"

"அம்மா ஓட்டின வண்டி, அத்தை. நான்தான் அவளுக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தேன்."

"எது எப்படியோ, ஜன்னலை மட்டும் மூடாத."

புகைக்குழாயைச் சரிசெய்தேன். ஜெனரேட்டரின் இணைப்பைக் கழற்றிவிட்டேன். ஜன்னல்களைத் திறந்து வைத்துக் கிழக்கே ஓட்டினேன். நானும் குள்ளம்தான். மெத்தைகளை எடுக்கவில்லை. ஒரு பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியேறும்போது ஒரு பெண் போனை என் பக்கம் உயர்த்தினாள். எதிரே ஒரு மோட்டார்ஹோம் வந்தது. என் கை தானாக உயர்ந்து அசைந்தது.

மாலையில் குழுவின் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாக ஒரு முகம், உயர்த்திய கை. கீழே எழுதியிருந்தாள்: "போலீஸ் சொல்றதை நம்பாதீங்க. இன்னைக்கு என் கண்ணால பாத்தேன். நெட்டாதான் ஓட்டுறாங்க. கார்னி பின்னாடி தூங்குறார்போல."

நான் எழுதினேன்: "அது நான். அவர்கள் மகள். இருவரும் இறந்துவிட்டார்கள். சனிக்கிழமை அடக்கம்."

ஒருவர் பதில் எழுதினார்: "நெட்டா தன் மகளைப் பத்தி எங்கயுமே சொன்னதில்லையே. யார் நீங்க?" அதை நிறையப் பேர் ஆமோதித்தார்கள். பழைய வரைபடம் புள்ளியை மறுபடி சாலையில் வைத்திருந்தார், இப்போது கிழக்கு நோக்கி. "வீட்டுக்குத் திரும்புறாங்க" என்று எழுதியிருந்தார். மறுநாள் அவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதையும் குறித்திருந்தார். சஸ்கச்சுவானில், தானியக் கிடங்கை அடுத்த ஓர் ஓய்விடம்.

நான் அங்கே நிற்பதாகத்தான் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் அந்த ஓய்விடம் தூரத்தில் தெரிந்தது. நான்கைந்து கார்கள் நின்றன. சாலையோரம் வரிசையாக ஆட்கள், வயதானவர்கள், ஒரு கைக்குழந்தையோடு ஒருத்தி. வண்டியைப் பார்த்ததும் ஒருவர் கை உயர்ந்தது, பிறகு எல்லோர் கையும் உயர்ந்தது. எல்லோரும் எனக்குப் பக்கத்தில், அப்பா உட்காரும் காலி இருக்கையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் வேகத்தைக் குறைக்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.